அறுபத்தொரு இருமல்

பதினொரு வருடம் அவள் ஒரு நாளிதழில் கலைப் பக்கம் எழுதினாள். பத்திக்கு 'முள்' என்று பெயர். போகப்போக அதுவே அவளுக்கும் பெயராகிவிட்டது. படம் எடுப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை நாளிதழைப் பிரிப்பதற்கு முன் ஒரு மிடறு தண்ணீர் குடித்துக்கொள்வார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. திரைக்கலை வாரியம் சொன்னதற்காகத் தன் படத்தை வெட்டிக் கொடுத்த ஓர் இயக்குநரைப் பற்றி, "இவர் படத்தை வெட்டவில்லை, தன் கையைத் தானே வெட்டி வெள்ளித் தட்டில் வைத்துக் கொடுத்திருக்கிறார்" என்று எழுதினாள். எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கவும் செய்தாள்.

ஒரு திங்கட்கிழமை கலைப் பக்கம் நின்றுபோனது. அந்த இடத்தில், வீட்டுச் சுவருக்கு எந்த நிறம் அடிக்கலாம் என்று சொல்லும் பக்கம் வந்தது. ஆசிரியர் அவளைக் கூப்பிட்டு, "நீயே அதையும் எழுதேன். நிறத்துக்கும் ஒரு விமர்சனப் பார்வை வேணும் இல்லையா" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். முள் இழுப்பறையைக் காலி செய்துகொண்டு வீட்டுக்கு வந்தாள்.

வீட்டில் அவளும் அக்காவும்தான். அம்மா போனபோது இவளுக்கு எட்டு வயது, அக்காவுக்குப் பத்தொன்பது. அந்த வாரமே அக்கா அரசு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் சேர்ந்தாள். இருபத்தாறு வருடமாக அந்த ஊரின் நோயாளிகள் படுத்த விரிப்புகளைத் துவைத்துக்கொண்டிருந்தாள். தங்கையைப் படிக்க வைத்ததும் அந்தக் கையால்தான்.

"அடுத்தவங்க படத்துல அது நொட்டை இது நொள்ளைன்னு எழுதினியே, நீ ஒண்ணு எடுத்துத்தான் காட்டேன்" என்றாள் அக்கா.

"எதை எடுக்கச் சொல்ற?"

"எங்க இடத்துக்கு வா. காலையில அஞ்சரைக்கு வண்டி வரும்."

முள் பழைய கேமரா ஒன்றை வாங்கிக்கொண்டு போனாள். ஒரு வருடமும் எட்டு மாதமும் போனாள். அக்காவோடு சேர்த்து ஆறு பெண்கள் அங்கே வேலை செய்தார்கள். அவர்களில் உயரமானவளை எல்லாரும் 'நெட்டை' என்றுதான் கூப்பிட்டார்கள். ரத்தம் பட்ட விரிப்பை முதலில் பச்சைத் தண்ணீரில்தான் ஊறப்போட வேண்டும், வெந்நீரில் போட்டால் கறை ஒட்டிக்கொள்ளும் என்பதை அங்கேதான் தெரிந்துகொண்டாள். வெளுப்புத் தூளை வாளியில் கொட்டும்போது முகத்தை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதையும் தெரிந்துகொண்டாள். முகமூடிகள் ஒரு பெட்டியில் பூட்டி இருந்தன. மேலதிகாரிகள் பார்வையிட வரும் நாளில் திறப்பார்கள். அவர்கள் போனதும் எண்ணி வாங்கிப் பூட்டிவிடுவார்கள்.

ஆறு பேரும் இருமினார்கள். கொதிகலனின் சத்தம் எப்படி அந்த அறையில் இருந்ததோ, அப்படி இருமலும் இருந்தது. முள் இரண்டையும் பதிவு செய்தாள். படம் எழுபத்தொரு நிமிடம் வந்தது. படம் முடிந்த மாதத்தில்தான் அக்காவின் நுரையீரலைப் பார்த்த மருத்துவர், இன்னும் ஓர் ஆண்டுதான் என்று சொன்னார். அக்கா அதைக் கேட்டுக்கொண்டு வந்து, மாடிப்படியில் மூன்று முறை உட்கார்ந்து எழுந்து வீடு சேர்ந்தாள்.

"பெரிய திரையில ஒரு தடவை பாத்துடணும்" என்றாள். "எங்க கூடத்துப் பொம்பளைங்களையும் கூட்டிட்டுப் போகணும். இத்தனை வருஷத்துல எங்க மூஞ்சியை ஒருத்தரும் நிமிந்து பாத்ததில்ல."

அரங்கில் படம் காட்ட வேண்டுமானால் திரைக்கலை நெறிப்படுத்து வாரியத்தின் 'சுயேச்சைப் படைப்பாளர் சான்று' வேண்டும். முள் விண்ணப்பம் வாங்கினாள். ஏழாவது கேள்வி: 'யாரிடமிருந்து சுயேச்சை?' கொஞ்சம் யோசித்து, 'எல்லாரிடமிருந்தும்' என்று எழுதினாள்.

வாரியத்தின் பிரிவு அலுவலர் அந்த வரியில் விரலை வைத்தார். மென்மையான மனிதர். பேசுவதற்கு முன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

"எல்லாரும்னா எங்களையும் சேத்தாம்மா?"

"சேத்துத்தான் எழுதினேன்."

"சுயேச்சையா இருக்கிறது தப்பே இல்ல. நாங்க அதை ஊக்குவிக்கத்தான் இருக்கோம். ஆனா எங்களைக் கேக்காம சுயேச்சையா இருந்தா, அது சுயேச்சைதானான்னு யாரு சொல்றது?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நான் உங்க வாசகன்மா. உங்க பத்தி ஒண்ணு விடாம வெட்டி வெச்சிருக்கேன்" என்று ஒரு கோப்பைக் காட்டினார். கனமான கோப்பு. மேலே 'நிலுவையில்' என்று எழுதியிருந்தது.

சான்றுக்கு முன்னால் மூன்று நாள் சுயேச்சைச் சிந்தனைப் பயிற்சி. இருபத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். முதல் நாள் காலை எல்லாரும் எழுந்து நின்று உறுதிமொழி எடுத்தார்கள். "யார் சொல்வதையும் நான் அப்படியே திருப்பிச் சொல்ல மாட்டேன்" என்று பயிற்றுநர் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொன்னார்கள். குரல் எழும்பாதவர்களைத் தனியாக நிறுத்தி இன்னொரு தரம் சொல்ல வைத்தார்கள். மூன்றாம் நாள் தேர்வு. படைப்பாளி யாருக்குக் கட்டுப்பட்டவர் என்பது கேள்வி. யாருக்கும் இல்லை என்பது சரியான விடை. "நிஜமாவா?" என்று எழுந்து கேட்ட வயதான ஒளிப்பதிவாளர் ஒருவர் மட்டும் தேறவில்லை. முள் தேறினாள்.

அதன் பிறகு குழு படத்தைப் பார்த்தது. ஐந்து பேர். இருவர் தூங்கிவிட்டதாகவும் மூன்றாமவர் அவர்களை எழுப்பாமல் இருக்கும் பொறுப்பில் இருந்ததாகவும் அங்கே தேநீர் கொண்டுபோன ஊழியர் சொன்னார். ஏழாவது வாரம் கடிதம் வந்தது. படம் நேர்த்தியாக உள்ளது. எனினும் நாற்பத்து மூன்று இடங்களில் இருமல் வருகிறது. அவை கதைக்கு அவசியமற்றவை. நீக்கவும். கூடவே நாற்பத்து மூன்று இடங்களுக்கும் மணி, நிமிடம், நொடி போட்டு ஒரு பட்டியல். மீதி இருவர் கடுமையாக உழைத்திருந்தார்கள்.

முள் பட்டியலை எடுத்துக்கொண்டு பிரிவு அலுவலரிடம் போனாள்.

"அவங்க நிஜமாவே இருமினாங்க சார். நான் இரும வைக்கல."

"நீங்க இரும வெச்சிருந்தா பிரச்சினையே இல்லம்மா. அது நடிப்பு. நடிப்புக்கு விதியில இடம் இருக்கு." கண்ணாடியைத் துடைத்தார். "ஒரு பொம்பளை துவைக்கிறா. அது கலை. துவைச்சுட்டு இருமறா. அது புகார். புகாருக்கு வேற துறை இருக்கு, இந்தக் கட்டடத்துலயே கீழ் மாடிதான்."

"அப்ப நான் வெட்டமாட்டேன்."

"வெட்டாதீங்க. உங்களை யாரு வெட்டச் சொன்னது? நீங்களா விரும்பி வெட்டினாத்தான் நாங்க ஏத்துக்குவோம். கட்டாயத்துல வெட்டினது இல்லைன்னு ஒரு உறுதிச்சீட்டு கூட வாங்குவோம்." கோப்பைத் திறந்து ஒரு பழைய பத்தியை எடுத்து அவரே படித்தார். வெள்ளித் தட்டு, வெட்டிய கை. நிறுத்தி நிறுத்தி, ரசித்துப் படித்தார். "என்ன நடைம்மா இது" என்றார்.

நாலு மாதம் முள் அசையவில்லை. நண்பர்கள் பாராட்டினார்கள். அந்த நாலு மாதத்தில் அக்கா படுக்கையறையிலிருந்து சமையலறைக்குப் போவதை நிறுத்தினாள். மூக்கில் குழாய் வந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஆக்சிஜன் உருளை வந்தது.

"பாப்பா, அதை வெட்டிக் குடுத்துடேன்" என்றாள் ஒரு மத்தியானம்.

"அப்புறம் அதுல என்னக்கா மிச்சம் இருக்கும்?"

"நாங்க இருப்போமே. உன் கொள்கை நல்லதுதான். எனக்குத்தான் நேரமில்ல."

முள் கணினியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அக்கா தலையணையில் சாய்ந்துகொண்டு காதொலிப்பானை மாட்டிக்கொண்டாள். பட்டியல் அவளுக்குத் தேவைப்படவில்லை.

"இது நெட்டை. அவளுக்கு ரெண்டா வரும், ஒண்ணு சின்னது ஒண்ணு பெருசு. இது நான். இதுவும் நான். நிறுத்து, பின்னாடி போ. கொதிகலன் சத்தத்துக்குள்ள ஒண்ணு இருக்கு பாரு. அதுவும் நெட்டைதான்."

"அது பட்டியல்ல இல்லக்கா. அவங்களுக்குக் கேக்கல."

"இப்பக் கேக்கல. சான்று குடுக்கிற அன்னிக்குக் கேக்கும். திரும்ப அனுப்புவாங்க. வெட்டு."

இப்படி மூன்று நாள். நடுநடுவே அக்காவுக்கே இருமல் வந்துவிடும். அப்போது கையைத் தூக்கிக் காட்டுவாள். முள் படத்தை நிறுத்திவிட்டுக் காத்திருப்பாள். மொத்தம் அறுபத்தொன்று வந்தது. நெய்ததுபோல் அவள் சேர்த்திருந்த காட்சிகள் இடையிடையே கிழிந்து தொங்கின. கிழிசலை மூட, மொட்டைமாடியில் விரிப்புகள் காற்றில் ஆடுவதை நாலு நிமிடம் சேர்த்தாள். வெட்டி எடுத்த துண்டுகளைத் தூக்கி எறிய மனமில்லை. தனியாக ஒரு குறுந்தட்டில் போட்டு வைத்தாள்.

பிரிவு அலுவலர் நெகிழ்ந்துபோனார். "நாங்க நாப்பத்து மூணுதான் கேட்டோம். நீங்களா பதினெட்டு சேத்துப் பண்ணியிருக்கீங்க. இதைத்தாம்மா நாங்க சுயேச்சைன்னு சொல்றோம்."

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. படத்தில் முதன்மையாகத் தோன்றுபவர் நேரில் வந்து சம்மதம் சொல்ல வேண்டும். அக்காவை நாற்காலியில் வைத்து நாலு பேர் மாடிக்குத் தூக்கிப் போனார்கள். மின்தூக்கி வாரிய உறுப்பினர்களுக்கு மட்டும். அறைக்குள் வந்ததும் அக்காவுக்கு இருமல் பிடித்துக்கொண்டது. பிரிவு அலுவலர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி பொறுமையாகக் காத்திருந்தார். அடங்கவில்லை.

"கொஞ்சம் வெளியில வெச்சிருந்து, நின்னதும் கூட்டிட்டு வாங்க" என்றார். "இருமறப்ப சொல்ற சம்மதம் செல்லாது. வற்புறுத்தல்னு ஆயிடும்."

முக்கால் மணி நேரம் கழித்து நின்றது. அக்கா கையெழுத்துப் போட்டாள். அவர் அவளுடைய மூக்குக் குழாயைத் தாண்டிச் சுவரைப் பார்த்தபடி கோப்பில் எழுதினார்: 'நேரில் ஆஜரானார். நலமாக உள்ளார்.'

வாரியத்தின் ஆண்டு விழாவன்று மாலை நாலு மணிக்குத் திரையிடல். சலவைக்கூடத்திலிருந்து ஐந்து பெண்களும் வந்தார்கள். இருப்பதில் நல்லதைக் கட்டிக்கொண்டு, கையில் வெளுப்புத் தூளின் வாசனையோடு கடைசி வரிசையில் அமர்ந்தார்கள். அக்காவை ஓரத்து இருக்கையில் உட்கார வைத்து, உருளையைக் காலுக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

முதலில் தலைவர் பேசினார். ஒரு மணி நேரமும் பத்து நிமிடமும் பேசினார்.

"இந்த நாட்டில் சுயேச்சைப் படைப்பாளர் என்று ஒருவர்கூட இல்லாத காலம் இருந்தது. அப்போது எல்லாரும் அவரவர் இஷ்டத்துக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்" என்றார். "இன்று எத்தனை பேர் என்று கேளுங்கள், வீட்டு எண்ணோடு சொல்கிறேன். இந்தப் படத்தை நான் பார்க்கவில்லை. பார்த்தால் கருத்து வந்துவிடும். கருத்து வந்தால் நடுநிலை போய்விடும். நடுநிலை போனவர் தலைவராக இருக்க முடியாது. ஆகவே, இது மிகச் சிறந்த படம் என்பதை எந்தச் சார்பும் இல்லாமல் சொல்கிறேன்."

கைதட்டினார்கள். விளக்குகள் அணைந்தன.

திரையில் அக்கா வந்தாள். இரண்டு ஆள் உயரம் இருந்தாள். நெட்டை பக்கத்திலிருந்தவளின் தொடையைப் பிடித்துக்கொண்டு, "ஆத்தாடி, நம்மாளு ராணி மாதிரி இருக்கிறதைப் பாரேன்" என்று கிசுகிசுத்தாள். திரையில் அக்கா வெளுப்புத் தூளை வாளியில் கொட்டி முகத்தைத் திருப்பினாள். நீராவி எழுந்தது. அங்கே ஓர் இருமல் இருந்து வெட்டப்பட்டிருந்தது. சரியாக அந்த இடத்தில் ஓரத்து இருக்கையிலிருந்து அக்கா இருமினாள்.

முன்வரிசைகளில் தலைகள் திரும்பின. அடுத்து விரிப்பு பிழியும் காட்சி. நெட்டைக்கு வந்தது, ஒன்று சின்னது, ஒன்று பெரியது. பிறகு மறுபடி அக்கா. அவர்கள் வேண்டுமென்று செய்யவில்லை. அந்தத் தண்ணீரையும் ஆவியையும் பார்த்ததும் மார்பு தானாக அதன் வேலையைத் தொடங்கியது. யாரோ 'உஷ்' என்றார்கள். தலைவர் எழுந்து பின்னால் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்.

அரங்கப் பணியாளர் கைவிளக்கோடு குனிந்து வந்தார். "அம்மா, படத்தைக் கெடுக்காதீங்க. எல்லாரும் ரசிக்கிறாங்க இல்ல? கொஞ்சம் வெளியில இருங்க."

"அவங்கதாங்க அது, திரையில இருக்கிறது" என்றாள் முள்.

பணியாளர் திரையைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார். "அவங்க இருமலையே" என்றார்.

முள் எழுந்தாள். அக்கா அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். "முடிஞ்சதும் மேடைக்குக் கூப்பிடுவாங்க. நீ இரு. நெட்டை என்னைப் பாத்துக்குவா." உருளையின் சக்கரம் கிறீச்சிட, ஆறு பேரும் வெளியே போனார்கள். முள் உட்கார்ந்தே இருந்தாள். ஏன் உட்கார்ந்தோம் என்பதற்குப் பின்னாளில் அவள் பல காரணங்களை யோசித்துப் பார்த்தாள். ஒன்றும் நிற்கவில்லை. மொட்டைமாடியில் விரிப்புகள் ஆடும் காட்சிக்குப் பெரிய கைதட்டல் கிடைத்தது. தலைவர் அவளுக்கு ஒரு கேடயம் கொடுத்தார்.

வெளித்தாழ்வாரத்தில் அக்கா கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள்.

"பாத்த வரைக்கும் எப்படிக்கா இருந்துது?"

"அழகா இருந்தேன்" என்றாள் அக்கா. கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, "வேற யாரோ மாதிரி" என்றாள்.

பத்தொன்பதாம் நாள் அக்கா இறந்தாள், அதே மருத்துவமனையில். அவள்மேல் போர்த்த ஒரு விரிப்பை நெட்டை தனியாகத் துவைத்து மடித்துக் கொண்டுவந்தாள். அதை யாரும் படம் பிடிக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஐந்து பெண்களும் தொழிலாளர் தீர்ப்பாயத்துக்குப் போனார்கள். சலவைக்கூடத்தின் காற்று தங்கள் நுரையீரலைத் தின்றுவிட்டது, இதில் ஒருத்தி செத்தே போனாள் என்பது வழக்கு. மருத்துவமனையின் வழக்கறிஞர் மறுப்பு எதுவும் எழுதவில்லை. ஒரு படத்தைப் போட்டுக் காட்டினார். அறுபத்திரண்டு நிமிடம். ஆறு பெண்கள் ஆவிக்கும் வெளுப்புத் தூளுக்கும் நடுவே ஒரு முறைகூட இருமாமல் வேலை செய்தார்கள். அதன்மேல் வாரியத்தின் முத்திரை. கூடவே, இறந்துபோனதாகச் சொல்லப்படுபவர் நேரில் வந்து நலமாக இருந்ததற்கான கோப்புக் குறிப்பு.

நெட்டை அன்று சாயங்காலம் முள்ளின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவில்லை.

"உங்க அக்கா இருமலை நீ வெட்டினே. அது உங்க குடும்ப விஷயம். என்னுதை யாரைக் கேட்டு வெட்டின?"

முள் வாசல்படிக்கு வந்தாள். "அடுத்த விசாரணைக்கு நானும் வரேன்" என்றாள்.

துண்டுகள் போட்டிருந்த தட்டை எடுத்துக்கொண்டு போனாள். கூண்டில் ஏறி, "இந்தப் படம் பொய். நான்தான் பொய்யாக்கினேன். இருமல் இதுல இருக்கு, பதிமூணு நிமிஷம்" என்றாள். அவள் அதுவரை சொன்ன விமர்சனங்களில் மிகச் சுருக்கமானது அதுதான்.

தீர்ப்பாயத் தலைவர் கெட்டவர் அல்லர். தட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு வாரியத்தோட சான்று இருக்காம்மா?"

"இல்லைங்க. வாரியம்தான் இதை எடுக்கச் சொன்னது."

"அப்ப வாரியம் வேண்டாம்னு சொன்னது இது. வேணும்னு சொன்னது அது." நிஜமாகவே வருத்தப்பட்டார். "எனக்கு உங்க கஷ்டம் புரியுது. ஆனா சான்று இல்லாத இருமலைத் தீர்ப்பாயம் கேக்க முடியாது."

பின்வரிசையில் நெட்டைக்கு இருமல் வந்தது. பக்கத்திலிருந்த இருவருக்கும் வந்தது. எழுத்தர் தலை நிமிராமல் 'இடையூறு' என்று பதிவு செய்தார். வழக்கு அன்றே தள்ளுபடியாயிற்று. அதற்கடுத்த வாரம் வாரியத்திலிருந்து கடிதம் வந்தது. சான்று பெற்ற படைப்பைப் பொதுவில் இழிவுபடுத்தியதால், இந்தத் தேதி முதல் அவள் சுயேச்சையானவர் அல்லர். கீழே பிரிவு அலுவலர் தன் கையால் ஒரு வரி சேர்த்திருந்தார்: 'நீங்கள் மறுபடி எழுத வேண்டும் அம்மா. வாசகனாகக் கேட்கிறேன்.'

மறுநாள் காலை ஐந்தரைக்கு முள் கேமராவோடு சலவைக்கூடத்து வாசலில் நின்றாள். உள்ளே விட இனி அனுமதி இல்லை என்று காவலாளி சொன்னார். வண்டி வந்து நின்றது. இறங்கிய ஐந்து பேரும் அவளைப் பார்த்தும் பார்க்காததுபோல் நடந்தார்கள். நெட்டை மட்டும் நின்றாள்.

"இன்னும் என்ன வேணும் உனக்கு?"

"உங்களைத்தான் கேக்க வந்தேன்" என்றாள் முள். "எடுக்கட்டுமா? வேண்டாம்னா போயிடறேன்."

நெட்டை உள்ளே போகும் மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, மதில் சுவரில் சாய்ந்து நின்றாள். தன் பெயரைச் சொன்னாள். அந்தப் பெயரை முள் அன்றுதான் முதல் முறையாகக் கேட்டாள். பிறந்த வருடத்தைச் சொன்னாள். வேலையில் சேர்ந்த வருடத்தைச் சொல்லத் தொடங்கும்போது இருமல் வந்தது. வாயைப் பொத்தக் கையைத் தூக்கினாள். பாதியில் கையை இறக்கிவிட்டாள்.

இருமல் ஒன்றேமுக்கால் நிமிடம் நீண்டது. காவலாளி வேறு பக்கம் பார்த்தார். முள் கேமராவை நிறுத்தவில்லை.